கறுப்பின் மறுமொழி

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது கம்பனைப் பற்றியோ வள்ளுவனைப் பற்றியோ ஒன்றாயிருக்கலாம். ஆயினும் மல்லாவியில் நாம் பாடசாலை விட்ட பின்னர் நடத்திவரும் மற்றொரு பாடத்தைப் பற்றி எழுதவே மனம் விழைகின்றது. அது சதுரங்கம். அதனை நமக்கு முதலிற் கற்பித்ததும் இக்கல்லூரியே. மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில் விடுதி மண்டபத்தில் மண்ணெண்ணெய் விளக்கொளியில், அரசனுக்கும் அரசிக்கும் வேறுபாடு தெரியாத அரையிருளில் ஆடிய ஆட்டங்களை நம் வகுப்பினர் மறந்திரார்.

சென்ற முறை வலயப் போட்டிக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். ஒன்பதாந் தர மாணவி ஒருத்தி கறுப்புக் காய் ஆடினாள். ஆறாம் நகர்வு முடிந்ததுமே அவள் கண் கலங்கியது. ஆட்டம் முடிந்தபின் நம்மிடம் வந்து, "சேர், அவை தந்த காலாளைத்தானே வைச்சிருந்தனான், அதிலை என்ன பிழை?" என்றாள். பிழை அவளுடையதன்று. எதிரி தருவதை எடுத்தால் விடாதே என்று பலமுறை சொல்லிவைத்தவர் நாமே. ஆதலின் இக்கட்டுரை ஒருவகையில் அவளுக்கு நாம் கொடுக்க வேண்டிய விடையுமாகும்.

முதலில் கட்டங்களைக் குறிக்கும் முறை. வெள்ளையின் இடக்கைப் பக்கமிருந்து ஏ, பீ, சீ, டீ, ஈ, எஃப், ஜீ, எச் என எட்டு நிரல்கள். வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எட்டு வரிசைகள். அரசி நிற்பது டீ நிரலில், அரசன் நிற்பது ஈ நிரலில். பிஷப் என்னும் காயை மந்திரி என்றே ஈண்டு வழங்குவோம்.

வெள்ளை முதலில் டீ4 என்று காலாளை வைக்க, கறுப்பு டீ5 என்று எதிர்நிற்கின்றது. அடுத்து வெள்ளை சீ4 என்று இன்னொரு காலாளைக் கொண்டுவந்து வெட்டுக்கு வைக்கின்றது. இதுவே குயின்ஸ் காம்பிற் எனப்படும் திறப்பு. 1490 அளவில் எழுதப்பட்ட கோட்டிங்கன் ஏட்டுப் பிரதியிலேயே இது காணப்படுகின்றது. 1927 இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் கபபிளாங்காவும் அலெக்கீனும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களில் 32 இத்திறப்பின் ஒரு வகையே. 2020 இல் இதே பெயரில் வெளிவந்த தொலைக்காட்சித் தொடருக்குப் பின்னர் நம் பிள்ளைகளும் இப்பெயரை நாவில் வைத்துக்கொண்டு திரிகின்றனர்.

வெள்ளை முதலில் ஆடுவதனால் அதற்கு ஒரு சிறு மேலாண்மை உண்டு. பெருந்தொகையான ஆட்டங்களை எடுத்து நோக்கினால் வெள்ளை பெறும் புள்ளி நூற்றுக்கு 52 முதல் 56 வரையில் அமைகின்றது. எனவே கறுப்பின் முதற் கடமை வெல்வதன்று. இந்தச் சிறு ஏற்றத்தைச் சமன்செய்வதாகும். நம் மாணவி செய்தது அதற்கு மாறானது. சீ4 காலாளை டீ5 காலாளால் வெட்டினாள், அது தவறன்று. வெள்ளை ஈ3 வைத்தது. அவள் வெட்டிய காலாளைக் காக்க பீ5 வைத்தாள். வெள்ளை ஏ4 என்று அடியில் மோதியது; அவள் சீ6 என்று தாங்கினாள். வெள்ளை பீ5 இல் வெட்ட, அவள் சீ காலாளால் திருப்பி வெட்டினாள். அப்பொழுது வெள்ளை அரசி எஃப்3 இற்கு வந்தது. அங்கிருந்து மூலைவழியே நோக்குங்கள்: ஈ4, டீ5, சீ6, பீ7 எல்லாம் வெறுமை, முடிவில் ஏ8 இல் கோட்டை காவலின்றி நிற்கின்றது. குதிரையையோ மந்திரியையோ குறுக்கே வைத்தால் அதுவும் போகும். ஒரு காலாளைக் காக்கப் போய் ஒரு பெருங் காய் பறிபோயிற்று.

வெள்ளை கொடுத்த அக்காலாள் உண்மையிற் கொடையன்று, கடன். அதனை வாங்கியவர் உரிய காலத்திலே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த இடைவேளையில் தம் காய்களை வெளியே கொண்டுவர வேண்டும். குதிரையை எஃப்6 இல் வைத்து, ஈ6 வைத்து, பின்னர் சீ5 என்று வெள்ளையின் நடுக்காலாளை மோதினால் கறுப்புக்கு அச்சமில்லை. ஏற்போர் ஆடவேண்டிய முறை இதுவே.

இரண்டாவது வழி மறுத்தல். சீ4 காலாளைத் தொடாமல் ஈ6 வைத்து டீ5 ஐத் தாங்குவது. அலெக்கீனும் கபபிளாங்காவும் மாறிமாறி ஆடியது இதனையே. மிக உறுதியான வழி. ஆனால் ஒரு குறை: சீ8 இல் நிற்கும் மந்திரிக்கு ஈ6 காலாள் வாயில் அடைத்த கதவாகின்றது. அம்மந்திரி ஆட்டம் முழுவதும் வீட்டிலிருந்தே முதுமையடைவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம்.

இவ்வழியில் பிள்ளைகள் விரும்பிக் கற்கும் ஒரு பொறி உண்டு. வெள்ளை குதிரையை சீ3 இல் வைக்க, கறுப்பு எஃப்6 இல் வைக்கின்றது. வெள்ளை மந்திரி ஜீ5 இற்கு வந்து அக்குதிரையை அரசியோடு சேர்த்துக் கட்டுகின்றது. குதிரை அசைந்தால் அரசி போகும் என்பது வெள்ளையின் எண்ணம். கறுப்பு மற்றக் குதிரையை டீ7 இல் வைக்கின்றது. டீ5 இல் காலாள்கள் வெட்டுண்டு, கறுப்பின் ஈ காலாள் அங்கு வந்து நிற்கின்றது. குதிரைதான் கட்டுண்டிருக்கின்றதே என்று நம்பி வெள்ளை தன் சீ3 குதிரையால் அக்காலாளை வெட்டினால், கறுப்புக் குதிரை கட்டை அறுத்துக்கொண்டு அதனை வெட்டிவிடுகின்றது! வெள்ளை மந்திரி அரசியை வெட்டட்டும். கறுப்பு மந்திரி பீ4 இல் வந்து செக் சொல்லும். வெள்ளைக்கு அரசியைக் குறுக்கே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வரசியை வெட்டி, டீ8 மந்திரியை அரசனால் வெட்டியபின் எண்ணிப் பார்த்தால், ஒரு காலாளுக்கு ஒரு குதிரை கறுப்புக்கு மிச்சம். இலக்கணத்தில் விதிவிலக்கைக் காட்டும்போது மாணவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சி இங்கும் தோன்றும். எனினும் நன்கு ஆடுபவர் இப்பொறியில் விழார். இதனை நம்பியே ஆட்டத்தைத் தொடங்குதல் தகாது.

மூன்றாவது வழி ஸ்லாவ். டீ5 ஐ ஈ6 ஆல் அன்றி சீ6 ஆல் தாங்குவது. இதனால் சீ8 மந்திரியின் வாயில் திறந்தே இருக்கின்றது. இருபுறமும் குதிரைகள் வந்தபின் கறுப்பு சீ4 இல் வெட்டும். வெள்ளை ஏ4 என்று பீ5 ஐத் தடுக்கும். கறுப்பு மந்திரியை எஃப்5 இற்கு அனுப்பும். சிறியவர்க்கு நாம் பரிந்துரைப்பது இவ்வழியே. மனனம் செய்ய வேண்டியது குறைவு. ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லலாம்.

சீ6, ஈ6 இரண்டையும் சேர்த்து வைப்பது செமி ஸ்லாவ். இதன் ஆழத்தை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் நம் மொழியினர். 2008 ஒக்டோபரில் ஜேர்மனியின் பொன் நகரில் விசுவநாதன் ஆனந்த் கிறாம்னிக்கை எதிர்த்து உலகப் பட்டத்துக்காக ஆடினார். மூன்றாம் ஆட்டத்தில் கறுப்பு ஏந்திய ஆனந்த், சீ4 இல் வெட்டி, பீ5 வைத்து, பின்னர் 14 ஆம் நகர்வில் சீ8 மந்திரியை பீ7 இற்குக் கொண்டுவந்தார். நாம் முதுமையடைவதாகச் சொன்ன அதே மந்திரி! பீ5 காலாள் வெட்டுண்டது. அதற்கு ஈடாக மந்திரிக்கு நீண்ட மூலைவழியும் கோட்டைக்குத் திறந்த ஜீ நிரலும் கிடைத்தன. இரண்டும் வெள்ளை அரசனை நோக்கியவை. 41 நகர்வில் கறுப்பு வென்றது. ஐந்தாம் ஆட்டத்திலும் கிறாம்னிக் அதே வழியில் வந்தார். 29 ஆம் நகர்வில் டீ4 இல் நின்ற கறுப்புக் காலாளைக் குதிரையால் வெட்டினார். அரசிகள் இரண்டும் வெட்டுண்டு, தாம் இழந்த காயையும் பீ7 இல் அவர் மீட்டுக்கொண்டார். கணக்குச் சரியென்றே தோன்றியது. அப்பொழுது 34 ஆம் நகர்வில் ஆனந்தின் குதிரை ஈ3 இல், வெள்ளைக் காலாளின் வாயிலேயே போய் நின்றது. அதை வெட்டினால் கறுப்புக் காலாள் ஈ3 இற்கு வந்து அடுத்து ஈ2 இற்குச் செல்லும், தடுக்க ஆளில்லை. 35 ஆம் நகர்வோடு கிறாம்னிக் பணிந்தார். போட்டி 6½ – 4½ என ஆனந்துக்காயிற்று.

அந்த ஒக்டோபரில் நாம் மல்லாவியில் இல்லை. ஊரே இடம்பெயர்ந்து கிழக்கே போயிருந்தது. இக்கல்லூரியில் பரிசாகப் பெற்ற பலகையை வீட்டு வளையில் செருகிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபொழுது வளையும் இல்லை, கூரையும் இல்லை. பொன் நகர ஆட்டங்களைப் பல ஆண்டுகள் கழித்தே, புதிதாக வாங்கிய கடதாசிப் பலகையில் ஒவ்வொரு நகர்வாக வைத்துப் பார்த்தோம். ஐந்தாம் ஆட்டத்தின் அந்தக் குதிரையை ஈ3 இல் வைத்துவிட்டு நெடுநேரம் கையெடாது இருந்ததை இன்றும் நினைக்கின்றோம்.

ஆயினும் செமி ஸ்லாவைப் பிள்ளைகளுக்கு உடனே கொடுப்பதை நாம் விரும்பவில்லை. கறுப்பு அரசன் அவ்விரு ஆட்டங்களிலும் கோட்டை கட்டவேயில்லை. அவ்வாறு நடுவில் நிற்கத் துணிவு மாத்திரம் போதாது, கணக்கும் வேண்டும்.

இப்பொழுது அம்மாணவி ஸ்லாவ் ஆடுகின்றாள். சென்ற கிழமை நம்மோடு ஆடியபொழுது சீ4 இல் வெட்டிவிட்டு, பின்னர் அக்காலாளை ஒன்றும் நடவாததுபோல் விட்டுவிட்டாள். நாம் அதனை மீட்பதற்குள் மூன்று காய்கள் வெளியே வந்துவிட்டன. ஆட்டம் சமனாயிற்று. காய்களைப் பெட்டியில் அடுக்கும்பொழுது, "சேர், இரண்டாவதாய்ச் சீ4 வைக்காமல் மந்திரியை எஃப்4 இலை வைச்சால் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். சீ5 வைத்துப் பார் என்றோம். பெட்டியைத் திறந்து மறுபடியும் அடுக்கத் தொடங்கினாள்.