பிரவுன் தீர்ப்பும் பூட்டிய பள்ளிகளும்

விடைத்தாள் கட்டைப் பிரிக்கும்போதே தெரியும், அந்த வரி உள்ளே இருக்கும் என்று. “1954இல் வந்த பிரவுன் தீர்ப்பால் அமெரிக்கப் பள்ளிகளில் நிறப்பிரிவினை ஒழிந்தது.” மாணவர்கள் எழுதினால் திருத்திவிடலாம். கருப்பு அங்கி போட்டவர்களும் மேடையில் இதையே முழங்குகிறார்களே, அவர்களை யார் திருத்துவது?

ஒழிந்தது என்றால் எங்கே, எப்போது? வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி அரசுப் பள்ளிகள் வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். அது மகத்தான தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பிள்ளையைக்கூட எந்த வகுப்பிலும் சேர்க்கச் சொல்லும் உத்தரவு இல்லை. பரிகாரம் என்ன என்பதைப் பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் நாள் குறித்துத் தரும்படி கேட்டார். தாமதமானாலும் 1956 செப்டம்பரைத் தாண்டக் கூடாது என்றார். 1955இல் வந்த இரண்டாவது தீர்ப்பு நாள் எதையும் குறிக்கவில்லை. நிதானமும் வேகமும் கலந்த ஒரு சொற்றொடரைச் சொல்லி, மேற்பார்வையைக் கீழ் நீதிமன்றங்களிடம் விட்டது. தெற்கத்திய மாநிலங்கள் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

என்ன நடந்தது என்பதற்கு வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி ஒன்றே போதும். அங்கே 180 பேருக்குக் கட்டிய கறுப்பினப் பள்ளியில் 450 பேரைச் சேர்த்து, இடம் போதாதவர்களைத் தார்க்காகிதம் வேய்ந்த கொட்டகைகளில் உட்கார வைத்திருந்தார்கள். 1951இல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி பள்ளி முழுவதையும் வகுப்புப் புறக்கணிப்புக்கு அழைத்து வெளியே வந்தாள். அதிலிருந்து பிறந்த வழக்கு, பிரவுன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டவற்றில் ஒன்று. அதாவது இவர்கள் வழக்கில் வென்றவர்கள்! வென்றவர்களுக்குக் கிடைத்தது என்ன? சேர்த்துப் படிக்க வை என்று நீதிமன்றம் நெருக்கியதும், 1959இல் கவுன்ட்டி நிர்வாகம் பள்ளிக்கு வரி விதிக்க மறுத்து, அரசுப் பள்ளிகள் அத்தனையையும் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது; அதற்குப் பொதுப் பணமும் போனது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு நான்கு வருடம் படிப்பே இல்லை. பூட்டியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1964இல். அதே கல்வியாண்டில் தெற்கின் 11 மாநிலங்களில் வெள்ளையரோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

பத்து வருடம்! ஒழிந்தது என்று எழுதக் கை கூச வேண்டாமா?

நிலைமை வேகமாக மாறியது, 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் மத்திய நிதியை நிறுத்தும் அதிகாரம் தந்த பிறகும், இப்போதே பலன் தரும் திட்டம் வேண்டும் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகும்தான்.

இதுபோல மேடைகளில் கேட்கும் மற்ற இரண்டு தவறுகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். கைதியின் உரிமைகளைப் போலீஸ் எடுத்துச் சொல்லாவிட்டால் அவர் விடுதலை என்கிறார்கள். இல்லை, காவலில் விசாரித்து வாங்கிய வாக்குமூலம்தான் சாட்சியமாகாது. இந்த விதியைத் தந்த தீர்ப்பை 1966இல் வாங்கிய மிராண்டாவே, மறுவிசாரணையில் வாக்குமூலம் இல்லாமலேயே குற்றவாளி என்று மீண்டும் தண்டிக்கப்பட்டார். நீதிமன்றம் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரம் அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்பதும் பிழை. 1803இல் மார்பரி வழக்கில் நீதிமன்றம் பொருள்கொண்டு நிலைநாட்டியது அது. மார்பரிக்குக் கேட்ட பதவி கிடைக்கவுமில்லை.

சட்டக் கல்லூரிகளுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். தீர்ப்பின் முழக்கமான பத்தியை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். யார், யாருக்கு, எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவுப் பகுதியை முதலில் படிக்க வையுங்கள். 1955 தீர்ப்பு சில பக்கங்கள்தான், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதைப் படிக்காமல் 1954ஐப் பற்றி எழுதும் விடைக்கு இந்த வருடத்திலிருந்து நான் பாதி மதிப்பெண்தான் போடப்போகிறேன்.