வெல்டிங் கண்ணாடியில் ஆவி படிகிறதா? எதை முதலில் வாங்குவது

கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஆனாலும் கொட்டாஞ்சேனைப் பட்டறையில் கேட் ஒட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே எழுந்திருக்கும் அடுக்குமாடிகளில், உப்புக் காற்று தின்ற பல்கனிக் கிரில்லை மாற்றுகிறவரையும் கேளுங்கள். மழை நாளில் முகக்கவசத்தை இறக்கியதும் கண்ணாடி மூடிக்கொள்கிறது என்று இருவரும் சொல்வார்கள். மலைநாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தவருக்கு இந்தத் தொல்லை இன்னும் நன்றாகத் தெரியும். நுவரெலியாவில் தை மாதக் காலையில் மாடிப்படிக் கைபிடி ஒட்ட நின்றால், இரண்டு மூன்று மூச்சுக்குள் முன்னால் இருக்கும் இரும்பு மறைந்துவிடும்.

கண்ணாடி மங்கியவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தால் இது ஏன் பெரிய விஷயம் என்று புரியும். ஒட்ட வேண்டிய இடம் தெரியாததால் கவசத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கம்பியைத் தட்டுகிறார். அந்த ஒரு கணத்தின் புற ஊதா ஒளி போதும். வலி உடனே வராது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், பல மணித்தியாலம் கழித்து, நடு இரவில் கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டது போல எரியத் தொடங்கும். இதை விதி என்று ஏற்றுக்கொண்டு வேலை செய்கிறவர்கள் பலர். ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடையில் கேட்டால் முதலில் ஒரு ஸ்பிரே போத்தலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். என் கருத்து வேறு. கண்ணாடிக்கு என்ன பூசலாம் என்று யோசிப்பதற்கு முன் மூச்சு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். கணக்கு எளிது. நாம் விடும் மூச்சு ஏறத்தாழ 34 பாகைச் சூட்டில், நீராவி நிறைந்து வெளியே வருகிறது. அந்தச் சூட்டில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 37 கிராம் நீராவியைத் தாங்கும். கொழும்பின் 28 பாகையில் தாங்கக்கூடியது 27 கிராம் அளவு. மலைநாட்டின் 10 பாகைக் குளிரில் 9 கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தாங்க முடியாத மிச்சம்தான் கண்ணாடியில் துளியாக நிற்கும். அதனால் கொழும்பில் படிவது மெல்லிய ஆவி, நுவரெலியாவில் படிவது கனத்த ஆவி. ஆனால் கொழும்பில் வெளிக்காற்றும் ஈரமாக இருப்பதால், படிந்த மெல்லிய ஆவி சீக்கிரம் உலர்ந்து போவதில்லை.

கொழும்புக்கே உரிய இன்னொரு வகையும் உண்டு. ஏசி போட்ட வாகனத்திலோ அலுவலக அறையிலோ இரவு முழுக்கக் கிடந்த கவசத்தை வெளியே எடுத்தால், மூச்சுப் படாமலே கண்ணாடி வியர்க்கும். இங்கே காற்றிலிருக்கும் ஈரம் 24, 25 பாகையிலேயே துளியாக மாறத் தொடங்கிவிடும். கண்ணாடியோ 22 பாகையில் இருக்கிறது. இதற்கு எதையும் வாங்க வேண்டாம். கவசத்தை ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். மறந்து வைத்துவிட்டால் வேலை தொடங்குவதற்குக் கால் மணித்தியாலம் முன்பே வெளியில் எடுத்து வையுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் மங்கல் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்ப்பது நல்லது. உள்பக்கத்தில் விரல் கோடு விழுந்தால் அது மூச்சு ஆவி. விழாவிட்டால், கறுப்புக் கண்ணாடிக்கும் அதைக் காக்கும் வெள்ளைக் கண்ணாடிக்கும் இடையில் ஈரம் புகுந்திருக்கிறது. கழற்றி, இரண்டையும் உலர்த்தி, சட்டம் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பார்த்துத் திரும்பப் பூட்டினால் போதும். இரண்டும் இல்லை என்றால் வெள்ளைக் கண்ணாடியே பொரி பட்டுச் சொரசொரத்துப் போயிருக்கும். அதை ஆவி என்று நினைத்து மாதக்கணக்கில் துடைப்பவர்கள் உண்டு. முழுக் கவசத்திலும் ஆகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது அந்த வெள்ளைக் கண்ணாடிதான். அதை மாற்றத் தயங்காதீர்கள்.

மூச்சு ஆவிதான் என்றால் முதல் செலவு முகமூடிக்கு. ஆஸ்பத்திரியில் கட்டும் நீல முகமூடியைச் சொல்லவில்லை. அது மூச்சை மூக்கின் இரு பக்கமும் மேலே தள்ளி நிலைமையை மோசமாக்கும். துணியைக் கட்டினாலும் அப்படித்தான். வேண்டியது, மூச்சு வெளியேற முன்பக்கம் வால்வு வைத்த என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகமூடி. அணிந்ததும் மூக்கின் மேலுள்ள உலோகப் பட்டியை இரு கை விரல்களாலும் அழுத்தி முகத்தோடு சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘மாஸ்க் சரிவரவில்லை’ என்று எறிந்தவர்கள் நிறையப் பேர். பட்டி சரியாகப் படிந்தால் மூச்சு வால்வு வழியே வாய்க்கு முன்னால் போய்விடும், கண் பக்கம் ஏறாது.

நாள் முழுக்க ஒட்டுகிறவருக்கு இதைவிட நல்லது இரு பக்கமும் வட்ட வடிகட்டி பூட்டிய ரப்பர் அரை முகமூடி. அதன் வால்வு நாடிப் பக்கம் கீழ்நோக்கித் திறக்கும். விலை கூட என்றாலும் வடிகட்டியை மட்டும் மாற்றி நெடுநாள் பாவிக்கலாம். தட்டையான வடிகட்டி உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். தடித்த குப்பி போன்றது கவசத்தின் கன்னத்தில் இடிக்கும். கடைக்குப் போகும்போது உங்கள் கவசத்தையும் கையோடு கொண்டுபோய், இரண்டையும் சேர்த்து மாட்டிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். அடர்ந்த தாடி இருந்தால் இரண்டு வகையும் சரியாக ஒட்டாது.

முகமூடியை முதலிடத்தில் வைப்பதற்கு ஆவியை விடப் பெரிய காரணமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017 இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பிரிவில் சேர்த்தது. கல்வனைஸ் பைப் ஒட்டிவிட்டு மாலையில் காய்ச்சலும் நடுக்கமும் வந்தவருக்குத் துத்தநாகப் புகையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியைத் தெளிவாக்கக் கொடுக்கும் அதே காசு நெஞ்சையும் காக்கிறது. இந்த விலைக்கு வேறெந்த வழியிலும் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை. ஆனால் இந்த முகமூடி துகளைத்தான் தடுக்கும், வாயுவை அல்ல. கப்பல் தொட்டி, நிலத்தடி அறை போன்ற அடைத்த இடங்களில் காற்றோட்டம் இல்லாமல் இதை நம்பி இறங்கக் கூடாது.

காசே செலவில்லாத வழி கவசத்தின் தலைப்பட்டியில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் கண்ணாடியை முகத்திலிருந்து தள்ளி வைக்கும் துளைகள் உண்டு. ஒரு துளை முன்னே தள்ளினால் காற்று புகும் இடைவெளி கூடும். கழுத்தை மூடும் தோல் விரிப்பு மூச்சைச் சிறைப்பிடிக்கும். தலைக்கு மேல் ஒட்டும் வேலை இல்லாதபோது அதைக் கழற்றிவிடலாம்.

அடுத்தது சவர்க்காரம். இதை நம்பாதவர்கள் உண்டு, நான் நம்புகிறேன். ஆவி படிந்த கண்ணாடி மங்குவது நீர் இருப்பதால் அல்ல, நீர் சின்னச் சின்ன உருண்டைகளாக நின்று ஒளியைச் சிதறடிப்பதால். சவர்க்காரத்தின் மெல்லிய படலம் இருந்தால் நீர் உருண்டையாகாமல் தட்டையாகப் பரவும், அதன் ஊடாகப் பார்க்கலாம். முகமூடி அணிந்து கண்ணாடி போடும் மருத்துவர்கள் மூக்குக்கண்ணாடியைச் சவர்க்கார நீரில் கழுவி உலரவிடும்படி, இங்கிலாந்து அறுவை மருத்துவர் கல்லூரியின் சஞ்சிகையில் 2011 இல் ஒரு குறிப்பே வெளிவந்தது. கோப்பை கழுவும் திரவம் ஒரு துளி போதும். உள்பக்க வெள்ளைக் கண்ணாடியைக் கழற்றி, துளியை விரலால் பரப்பி, தானாக உலரவிட்டு, மென்மையான பருத்தித் துணியால் கோடு மறையும் வரை மட்டும் மெதுவாகத் தடவுங்கள். எண்ணெய் சேர்த்த குளியல் சவர்க்காரம் வேண்டாம், அது தானே மங்கலாக நிற்கும். பற்பசையும் வேண்டாம். அதிலுள்ள மாவு பிளாஸ்டிக் கண்ணாடியைக் கீறும்.

சவர்க்காரத்தின் குறை, அது நிலைக்காது. நெற்றி வியர்வை நான்கு துளி வழிந்தால் படலம் கரைந்துவிடும். கொழும்பில் சித்திரை மாதத்தில் அரை நாளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மலைநாட்டில் வியர்வை குறைவு என்பதால் கூட நேரம் நிற்கும். நெற்றியில் ஒரு பருத்திப் பட்டி கட்டினால் இரண்டு இடத்திலும் உதவும்.

ஆவி தடுக்கும் ஸ்பிரேயும் துடைப்புத் தாளும் வேலை செய்யும் விதம் இதேதான், சற்றுக் கூட நேரம் நிற்கும். வெள்ளவத்தையில் மூக்குக்கண்ணாடிக் கடைகளிலும் பஞ்சிகாவத்தையில் மோட்டார் சைக்கிள் சாமான் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். போத்தலில் பொலிகார்பனேட்டுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். ஜன்னல் துடைக்கும் அமோனியா திரவமும் தின்னரும் கவசக் கண்ணாடியில் படவே கூடாது. தின்னர் பட்டால் பொலிகார்பனேட் பால் நிறமாகி வெடிக்கும். மதுசாரம் கலந்த ஸ்பிரே என்றால் நன்றாக உலர்ந்த பிறகே தீப்பொறி பக்கம் போங்கள். கவசத்துக்குள் ஈரமாக இருக்கும்போது ஆர்க் தட்டுவது ஆபத்து.

இவற்றுக்கு மேலே ஒரு படி, உள்பக்கம் ஒட்டும் ஆவி தடுப்புப் படலம், அல்லது அந்தப் பூச்சோடு வரும் வெள்ளைக் கண்ணாடி. உங்கள் கவசத்தின் அளவுக்குக் கிடைத்தால் ஸ்பிரேயை விட இதையே வாங்குங்கள். ஈரமாக இருக்கும்போது துடைக்காமல் பாவித்தால் பல வாரம் நிற்கும். அழுக்குக் கைத்துணியால் ஒருமுறை தேய்த்தால் அன்றோடு முடிந்தது.

கவசத்தின் வகையையும் ஒப்பிட வேண்டும். கையால் பிடிக்கும் கவசத்தில் ஆவி குறைவு, பக்கமெல்லாம் திறந்திருப்பதால் மூச்சு ஓடிவிடும். வீட்டு கேட்டில் நாலு இடம் தொட்டு ஒட்டுகிறவருக்கு அது போதும். ஆனால் ஒரு கை போய்விடும். ஏணியில் நின்று அதைப் பிடிப்பதை நான் ஒருபோதும் சரி என்று சொல்லமாட்டேன். தானாகக் கறுக்கும் ஓட்டோ ஹெல்மெட் 1981 இல் சுவீடனில் சந்தைக்கு வந்தது. கவசத்தை இறக்கியபடியே ஒட்டுமிடத்தைப் பார்க்க முடிவது அதன் பெரிய வசதி. கவசம் எப்போதும் இறங்கியே இருப்பதால் ஆவியும் அதில் கூடுதலாகச் சேரும். அதன் மின் கண்ணாடிப் பெட்டியை நீரில் அமிழ்த்தக் கூடாது. சவர்க்காரம், படலம் எல்லாம் முன்னும் பின்னும் உள்ள வெள்ளைக் கண்ணாடிக்கு மட்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் வாசிப்புக் கண்ணாடியை உள்ளே போட்டுக்கொண்டு ஒட்டுகிறார்கள். அப்போது ஆவி படிய இன்னும் ஒரு கண்ணாடி. பல கவசங்களில், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சொருகும் பெருக்கிக் காட்டும் கண்ணாடிக்கு இடம் உண்டு. அதை வாங்கினால் மூக்குக்கண்ணாடியின் தொல்லையே தீரும். கிட்ட இருப்பதைப் பார்க்க மட்டும் கண்ணாடி போடுகிறவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கவசத்துக்குள் காற்று ஊதும் வழிகளில் இரண்டை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். பற்றரியில் ஓடும் சின்ன விசிறியைக் கவசத்தில் ஒட்டிக்கொண்டால் ஆவி போகும், ஆனால் வடிகட்டாத புகையை அதுவே மூக்குக்குள் தள்ளும். வேண்டாம். இடுப்பில் கட்டிய மோட்டர் வடிகட்டிய காற்றைக் குழாய் வழியே கவசத்துக்குள் அனுப்பும் கருவி வேறு. ஆவிக்கும் புகைக்கும் சூட்டுக்கும் ஒருசேர அதுவே முழுத் தீர்வு. விலை தனி ஆளுக்கு எட்டாது. துருப்பிடிக்காத உருக்கை நாள் முழுக்க ஒட்ட வைக்கும் முதலாளி அதை வாங்கிக் கொடுக்க வேண்டும், அது அவருடைய கடமை. 1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9 விண்கலத்துக்கு வெளியே இறங்கிய அமெரிக்க விண்வெளி வீரர் யூஜின் சேர்னனின் முகக் கண்ணாடி மூடிப்போனதும் காற்றோட்டம் போதாமல்தான். அவரது உழைப்பு எழுப்பிய ஈரத்தை உடையின் காற்றோட்டத்தால் அகற்ற முடியவில்லை. திட்டமிட்ட வேலையை முடிக்காமலே அவர் உள்ளே திரும்பினார்.

மலைநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கவசத்தை இரவில் வாகனத்திலோ ஈரச் சீமெந்திலோ விடாமல், படுக்கும் அறைக்குள் கொண்டுபோங்கள். கண்ணாடி குளிர்ந்து கிடந்தால் எந்தப் பூச்சும் தாங்காது. தீயிலோ ஹீட்டரிலோ காட்டிச் சூடாக்க வேண்டாம். கனடாவுக்கோ கொரியாவுக்கோ வெல்டிங் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஓட்டோ ஹெல்மெட்டுகள் பலவற்றுக்கு மறை 5 பாகை வரைதான் உத்தரவாதம். அதற்குக் கீழே கண்ணாடி கறுக்கத் தாமதமாகலாம். அட்டையில் உள்ள வெப்பநிலை எல்லையைப் படித்து வாங்குங்கள், அல்லது சாதாரணக் கறுப்புக் கண்ணாடிக்கு மாறுங்கள்.

ஆக, எப்போதாவது ஒட்டுகிறவருக்கு வால்வு முகமூடியும் ஒரு துளி சவர்க்காரமும் போதும். தினமும் பட்டறையில் நிற்பவருக்கு ரப்பர் அரை முகமூடியும் படலம் ஒட்டிய வெள்ளைக் கண்ணாடியும். மலைக்குப் போகிறவர் இவற்றோடு ஸ்பிரே ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளலாம். தனி ஸ்பிரேயை மட்டும் வாங்குவதை யாருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏற்கனவே கண் எரிந்து நித்திரை இல்லாமல் இருப்பவர், உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மரக்கச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கித் தாமாக விடவும் வேண்டாம். லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. அங்கே போய்க் காட்டுங்கள்.