போர்க்காலப் பொய்யும் பின்வந்த மெய்யும்

போர் நிகழுங்கால் அதனைக் கண்ணாற் காண்பவர் சிலர். செய்தியாற் காண்பவரே பலர். ஆதலின் செய்தியை ஆள்வோர் போரின் பாதியை ஆள்பவராவர். இஃது எவ்வாறு நிகழ்கின்றதென்பதை முதலாம் உலகப் போர்கொண்டு ஆராய்வாம். நடக்கும் போரை ஆராயப் புகின் நாமும் ஒரு பக்கத்தைச் சார்ந்துவிடுவோம். அப்பழைய போரிலோ இரு திறத்தார் பத்திரங்களும் இன்று திறந்து கிடக்கின்றன.

1914 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 ஆந் திகதி பிரித்தானியா போரிற் புகுந்தது. மறுநாளே ‘அலேட்’ என்னுங் கப்பல் ஆங்கிலக் கால்வாயிற் கிடந்த ஜேர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளை அறுத்தது. பொய் பிறக்குமுன்னரே மறுக்கும் வாய் அடைபட்டமை கவனித்தற்பாலது. அவ்வாண்டிலேயே மாஸ்டர்மன் என்பாரின் தலைமையில், ‘வெலிங்டன் இல்லம்’ எனப்பட்ட பிரசார நிலையம் இரகசியமாக அமைந்தது. அதன் நூல்கள் அரசாங்கத்தின் பெயரைத் தாங்கி வரவில்லை. பெயர்பெற்ற பதிப்பாளரின் வெளியீடுகளாகவே உலகெங்கும் சென்றன.

பெல்ஜியத்தில் ஜேர்மன் படை செய்த கொடுமை கற்பனையன்று. 1914 ஆகஸ்ட் 23 இல் டினான் நகரிலே 674 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இரு நாட்களின் பின் லூவேன் நகரத்து நூல்நிலையம் எரிந்தது. (1981 ஐக் கண்ட நமக்கு நூல்நிலையம் எரிவது யாதென விரித்தல் வேண்டா.) ஆயின் 1915 மே மாதத்தில் வெளியான பிறைஸ் பிரபுவின் அறிக்கை, இவ்வுண்மைகளோடு சத்தியஞ் செய்யாத சாட்சிகள் கூறிய வேறு பல கதைகளையும் சேர்த்துக் கட்டியது. கை வெட்டுண்ட குழந்தைகளின் கதையை உலகம் நம்பிற்று. போருக்குப் பின் தேடியவர்கள் அக்குழந்தைகளைக் காணவில்லை. ஜேர்மனியரும் இதிற் குறைந்தவரல்லர். 1914 செப்டெம்பரில் மார்ண் ஆற்றங்கரையிற் பின்வாங்கியதைத் தம் மக்களுக்கு மறைத்தனர். அதனாலன்றோ 1918 இல் தோல்வி வந்தபோது அம்மக்கள் அதனைத் துரோகமென எண்ணத் தலைப்பட்டனர்!

இனி, யாவற்றினும் பெரிய பொய்யைப் பார்ப்போம். 1917 ஏப்பிரல் 10 இல் பெர்லின் நாளிதழொன்றின் நிருபர், போர்முனையில் ‘கடாவர்’களைப் பயன்படுத்தும் ஆலையொன்றைக் கடந்து சென்றதாக எழுதினார். நம்முடைய ‘பிணம்’ என்னுஞ் சொல் மனிதர்க்கும் விலங்குக்கும் பொதுவாய் நிற்கும். ஜேர்மன் வழக்கிலோ ‘கடாவர்’ என்பது விலங்கின் பிணத்தையே பெரும்பாலும் குறிக்கும். அங்கே கொழுப்பெடுக்கச் சென்றவை மாண்ட குதிரைகளே. ஏழு நாட்களில் இலண்டன் ‘டைம்ஸ்’, ‘டெயிலி மெயில்’ பத்திரிகைகள், ஜேர்மனியர் தம் வீரரின் உடல்களையே காய்ச்சுகின்றனரென வெளியிட்டன. அம்மாத இறுதியிற் பொதுமக்கள் சபையில் இதுபற்றி வினா எழுந்தது. பத்திரிகையில் வந்ததன்றி வேறு தகவல் தம்மிடமில்லையென அமைச்சர் றொபேட் செசில் பிரபு ஒப்புக்கொண்டார். ஆயினும், ஜேர்மனியரின் பிற செயல்களை நோக்க இஃது நம்பத்தகாததன்றென்றுங் கூறினார். இவ்விடையை மாணவர் இருமுறை படித்தல் நன்று. பொய்யெனப் பிடிக்கத்தக்க ஒரு சொல்லும் அதில் இல்லை. டினானில் நடந்த மெய்யே இப்பொய்க்குப் பிணை நின்றது.

1925 டிசெம்பரில் வெளிநாட்டமைச்சர் ஒஸ்ரின் சேம்பர்லின், அக்கதைக்கு ஒருபோதும் ஆதாரமிருந்ததில்லையென்னும் ஜேர்மன் அரசின் கூற்றை அதே சபையில் ஏற்றுக்கொண்டார். பொன்சன்பி என்பார் 1928 இல் இத்தகைய பொய்களைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். ஏமாந்த மக்கள் இனி ஏமாறோமென உறுதி பூண்டனர்.

அவ்வுறுதிக்கு விலை கொடுத்தவர் வேறொருவர். 1942 இல் ஐரோப்பிய யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படுகின்றனரென்னுஞ் செய்தி இலண்டனை எட்டியது. அவ்வாண்டு டிசெம்பரில் நேச நாடுகள் அதனைக் கண்டித்து அறிக்கை விடுத்தபோதும் ஐயம் நீங்கவில்லை. 1943 ஆகஸ்டில் பிரித்தானிய உளவுத்துறை உயரதிகாரியொருவர், நச்சுவாயு அறைகள் பற்றிய செய்தி பழைய பிணக்கொழுப்புக் கதையைத் தமக்கு நினைவூட்டுகின்றதென எழுதினார். 1944 இல் மைதானெக் முகாமை நேரிற் கண்டு அலெக்சாந்தர் வேர்த் என்னும் நிருபர் அனுப்பிய செய்தியை பி.பி.சி. ஒலிபரப்பவில்லை, உருசியரின் பிரசாரமென்று கருதினர். 1945 ஏப்பிரலில் பிரித்தானியப் படையோடு பெல்சன் முகாமிற் புகுந்த றிச்சேட் டிம்பிள்பி அந்நிலையத்தின் சொந்த நிருபர். அவர் தம் கண்ணாற் கண்டு அனுப்பிய உரையையும் உடனே ஒலிபரப்ப அவர்கள் தயங்கினர்.