மலையும் மந்தும்

குறிஞ்சித் திணையைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்நிலத்தின் உயிர்ச் செல்வத்தை நீலகிரியின் உச்சியில் வாழும் சிறிய சமுதாயமான தோடர்களின் வாழ்வோடு சேர்த்து அறிவோம்.

இரு வகை நிலம்

உயர்ந்த நீலகிரியில் பள்ளங்களில் சோலைக்காடும், சரிவுகளில் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. குளிர்கால உறைபனி திறந்த வெளியில் முளைக்கும் மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். புல்லோ அதைத் தாங்கி மீண்டும் தளிர்க்கும். ஈரமும் காற்றுக்கு மறைவும் உள்ள பள்ளங்களில் மரங்கள் குட்டையாய், நெருக்கமாய் வளர்கின்றன. அவற்றின் மேல் பாசியும் பெரணியும் ஆர்க்கிடுகளும் படர்கின்றன. செந்நிறப் பூக்கள் பூக்கும் காட்டுப்பூவரசு இங்கு உண்டு. கருமந்தி சோலையில் வாழ்கிறது. நம் மாநில விலங்காகிய வரையாடு புல்வெளியில் மேய்ந்து, ஆபத்து வந்தால் செங்குத்தான பாறைகளில் ஏறித் தப்புகிறது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இவ்விலங்கு, 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1,303 உள்ளது.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்கும்.

தோடர் வாழ்வு

தோடர்களின் சிற்றூருக்கு மந்து என்று பெயர். எருமை அவர்களுக்குச் செல்வம் மட்டுமன்று, புனிதமும் ஆகும். மரக்கறி உணவினரான அவர்கள் வேட்டையாடுவதில்லை. எருமைகளுக்குப் புல்வெளி மேய்ச்சல் தருகிறது. வளைந்த கூரையுடைய பழைய வீடுகளுக்கும், பால் பொருள்களைத் தூய்மையுடன் பேணும் கோயில்களுக்கும் அவ்வெளியில் விளையும் புல்லே கூரையாகிறது. கட்டுவதற்கான பிரம்பு சோலையிலிருந்து வருகிறது. ஆகவே ஒரு புல் இனம் அழிந்தால், அதனோடு ஒரு கோயிலின் கூரையும் ஒரு வழிபாடும் குறைந்துபோகின்றன.

வந்த கேடு

ஆங்கிலேயர் காலத்தில் கற்பூர மரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டன. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், ஆலைகளுக்கும் என்று விடுதலைக்குப் பிறகும் புல்வெளிகளில் அவை பெருமளவில் நடப்பட்டன. புல்வெளி ‘வெறும் நிலம்’ என எண்ணப்பட்டதே இதற்குக் காரணம். வெட்டினாலும் சீகை விதையிலிருந்து மீண்டும் முளைக்கும். அதன் நிழலில் புல் மறைகிறது. புல் மறைந்தால் வரையாட்டுக்கும் எருமைக்கும் உணவு குறைகிறது.

நீருக்கும் இது பொருந்தும். புல்லும் சோலையும் மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் சிறிது சிறிதாகத் தருகின்றன. முக்குருத்தி அருகே தோன்றும் பைக்காரா ஆறு மோயாறாகி, பவானிசாகரில் பவானியுடன் கலந்து, பின் காவிரியைச் சேர்கிறது. சமவெளி உழவனின் வயலுக்கும் மலைப்புல்லே காவல்.

காக்கும் முயற்சி

நீலகிரி 1986-இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. முக்குருத்தி வரையாட்டுக்காகப் பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்காவாகும். வேற்று நாட்டு மரங்களை அகற்றி, நாட்டுப் புல்லைத் திரும்ப வளர்க்கும் பணியும் நடைபெறுகிறது. இதில் மலைவாழ் மக்களின் அறிவு பெரிதும் பயன்படும். எந்தப் புல் எங்கே வளரும் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர்.

முடிவுரை

தோழியரே, மரம் நடுவது நல்லது என்று கற்றோம். எந்த இடத்தில் எந்த மரம் என்று கேட்பதும் கல்வியே. உதகைக்குச் சுற்றுலா செல்லும்போது, மரமில்லாத மேட்டைக் கண்டு ‘வெற்றிடம்’ என்று எண்ணாதீர்கள். அங்கே காலடியில் இருக்கும் புல்லில் வரையாட்டின் உணவும், மந்தின் கூரையும், காவிரியின் ஒரு துளியும் இருக்கின்றன.