பாஞ்சாலங்குறிச்சி பார்க்கப் போகிறவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

தலைநகரம் என்றால் மதுரையும் தஞ்சாவூரும் நினைவுக்கு வரும். அதே எண்ணத்தோடு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள், "இவ்வளவுதானா?" என்று அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். கட்டபொம்மனின் தலைநகரமாக இருந்த இந்த ஊரைக் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை இடித்துத் தரைமட்டமாக்கியது. அந்த ஊரின் கதை இன்று ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், கயத்தாறு என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. முறையாகச் சுற்றினால் ஒரு நாள் போதாது. குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. ரயிலில் வருகிறவர்கள் மதுரை–திருநெல்வேலி பாதையில் வரலாம். அந்தப் பாதையிலுள்ள கடம்பூரில் எல்லா விரைவு ரயில்களும் நிற்பதில்லை. கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுப்பது நல்லது. ஒரே நாளில் பல ஊர்கள் பார்க்க நினைத்தால் பஸ்ஸை நம்பாமல் வாடகைக்கு ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள்.

2. மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. அப்போதுதான் கரிசல் காட்டில் பயிர் பச்சை பிடித்து நிற்கும். சித்திரை வெயிலில் ஒதுங்கி நிற்க மரம் கிடைப்பது அரிது. எந்த மாதமானாலும் காலையிலேயே கிளம்புங்கள். குடை, தொப்பி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் அவசியம்.

3. கயத்தாறு நெடுஞ்சாலையில் இருப்பதால் பலரும் அங்கேயே தொடங்கிவிடுகிறார்கள். கதையின் முடிவை முதலில் பார்த்தால் மற்ற இடங்கள் மனதில் ஒட்டாது. பாஞ்சாலங்குறிச்சியை முதலிலும் கயத்தாறைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்கும் கோட்டை, தமிழக அரசு 1974-இல் கட்டிய நினைவுக் கோட்டை. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே சுவரில் இருக்கும் ஓவியங்களை வரிசையாகப் பார்த்தால், பின்னால் பார்க்கப்போகும் இடங்கள் எளிதில் புரியும்.

5. அதோடு திரும்பிவிடாதீர்கள். பழைய அரண்மனை இருந்த இடத்தின் அடித்தளத்தைத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். 1799 செப்டம்பரில் கும்பெனித் தளபதி பானர்மேனின் படை இங்கிருந்த கோட்டையைத் தாக்கியது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், மக்கள் திரண்டு சில நாட்களிலேயே மண்ணால் கோட்டையை மறுபடி எழுப்பினார்கள். மார்ச் மாதத் தாக்குதலில் கும்பெனிப் படையால் அதைப் பிடிக்க முடியவில்லை. மே 24-இல்தான் விழுந்தது. பிறகு அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது இந்தப் பக்கத்து வழக்கு. அத்தனைக்கும் தப்பிப் பிழைத்த அடித்தளம் இது. அதன் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். நினைவுக்கென்று ஒரு செங்கல் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள்.

6. கோட்டைக்குள் இருக்கும் வீரசக்கதேவி, கட்டபொம்மனின் குலதெய்வம். ஆண்டுதோறும் மே மாதத்தில் திருவிழா நடக்கும். அப்போது கூட்டமும், வாகனங்களுக்குப் போலீஸ் கட்டுப்பாடும் இருக்கும். நிதானமாகச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

7. போரில் இறந்த ஆங்கிலப் படையினரின் கல்லறைகளும் பக்கத்தில் இருக்கின்றன. கோட்டைக்குள் இருந்தவர்கள் எவ்வளவு கடுமையாகப் போரிட்டார்கள் என்பதற்கு எதிரியே விட்டுப்போன சாட்சி அவை. அவசியம் பாருங்கள்.

8. அடுத்தது ஒட்டப்பிடாரம். வ.உ.சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5-இல் பிறந்த ஊர். அவருடைய நினைவு இல்லம் இங்கே இருக்கிறது. பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியதும் ஒரு செப்டம்பர் 5-இல்தான். பிள்ளைகள் தேதியை மறக்காமல் இருக்க இது உதவும்.

9. எட்டயபுரத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கும்பெனிக்குத் துணை நின்ற பாளையம் இது. பாஞ்சாலங்குறிச்சியின் நிலத்தில் ஒரு பகுதி எட்டயபுரத்தாருக்குக் கிடைத்தது. அதே ஊரில்தான் 1882-இல் பாரதி பிறந்தார். பிறந்த வீட்டையும், கல்கியின் முயற்சியால் எழுந்து 1947-இல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபத்தையும் பாருங்கள். 1835-இல் இங்கே மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் நினைவிடமும் இதே ஊரில் இருக்கின்றன.

10. கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். திரைப்படத்தில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் அந்த இடத்தை வாங்கிச் சிலை நிறுவினார். அரசு கட்டிய மணிமண்டபமும் இங்கே உண்டு. மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு போனால் நின்று பார்க்கலாம்.

11. இன்னொரு நாள் கையில் இருந்தால் கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்குப் போங்கள். 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முடிக்காமல் விட்ட கோயில். மலையேற வேண்டும் என்பதால் முதியவர்களைக் காலையிலேயே அழைத்துப் போங்கள்.

12. மழைக்குப் பிறகு தார்ச்சாலையை விட்டு வண்டியை இறக்காதீர்கள். கரிசல் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. நடக்கும்போதும் அடிக்கு அடி செருப்பில் அப்பி, கால் கனத்துப்போகும். ஈரத்தோடு தேய்த்தால் அப்பிக்கொள்ளும். காயவிட்டுத் தட்டினால் பாளம் பாளமாக உதிரும். துணியில் பட்டாலும் அப்படியே. காய்ந்த பிறகு உதறிவிட்டுத் துவையுங்கள். சீமைக்கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்துவிடும் என்பதால் கனமான அடியுள்ள செருப்பே நல்லது.

13. கடம்பூர் போளி வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள். சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கெட்டுவிடும்; ஆறவைத்துக் கட்டச் சொல்லுங்கள். தேங்காய்ப் போளியை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். பருப்புப் போளியை மறுநாள் தோசைக்கல்லில் லேசாக நெய் தடவிச் சூடாக்கினால் புதிதுபோல இருக்கும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் நமத்துப்போகும்.

14. கிளம்புவதற்கு முன் பாஞ்சாலங்குறிச்சியின் கதையைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிவிடுங்கள். கட்டடத்தை மட்டும் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த ஊரில் அதிகம் இல்லை. கதை தெரிந்து வருகிறவர்களுக்கு ஒவ்வொரு இடமும் பேசும். இந்த விடுமுறையில் மலைவாசஸ்தலத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கரிசல் காட்டுப் பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள்.