இளஞ்சோளமும் கால்நடைகளும்

ஜீவராசிகள் யாவும் தத்தம் ஆகாரத்தைத் தேடிக்கொள்ளவும், பகையினின்று தம்மைக் காத்துக்கொள்ளவும் ஏற்ற உறுப்புக்களையும் குணங்களையும் பெற்றிருக்கின்றன. மாடு புல்லைத் தேடி நடக்கும், துரத்தினால் ஓடும், நெருக்கினால் முட்டும். வேரூன்றி நிற்கும் பயிருக்கோ இவற்றுள் ஒன்றும் இயலாது. ஆகையால் அது நின்ற இடத்திலேயே ஆகாரம் சமைக்கவும், பகையைத் தடுக்கவும் வழி தேடிக்கொண்டிருக்கிறது. புன்செய்க் குடியானவர் நன்கறிந்த சோளப் பயிரே இதற்குத் தக்க உதாரணமாகும். இதன் தன்மையை அறியாமல் மாட்டை மேயவிட்டு, அரைமணி நேரத்திற்குள் அதனை இழந்தவர் பலர்.

வெளிச்சத்தைக் கொள்ளும் வகை

சோளத்தின் நீண்ட இலைகள் தண்டின் இருபுறமும் மாறிமாறி அமைந்திருப்பதால், மேலிலையின் நிழல் கீழிலையை முற்றும் மறைப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இலை முதலில் பிடித்து, நரம்புகளைச் சூழ்ந்த அறைகளில் செறியச் செய்து, பின்னரே சூரிய வெளிச்சத்தின் உதவியால் சர்க்கரையாக்குகிறது. இதனால் கடும் வெயிலிலும் குறைந்த நீரைக் கொண்டு அது வேலை செய்யும். மழை பொய்த்தால் இலை சுருண்டு, வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். மழை பெய்ததும் மறுபடி துளிர்க்கும். வறட்சியைத் தாங்கும் இக்குணமே, பின்னர்க் கூறப்படும் அபாயத்திற்கும் இடந்தருகிறது.

நஞ்சாகிய காவல்

இளஞ்சோளத்தில் 'துர்ரின்' என்னும் ஒரு பொருள் உண்டு. டன்ஸ்டன், ஹென்றி என்னும் இரு ரஸாயன நிபுணர்கள் 1902ஆம் ஆண்டில் இதனை விவரித்தனர். அரபு மொழியில் சோளத்திற்கு வழங்கும் 'துர்ரா' என்னும் சொல்லினின்று இப்பெயர் வந்தது. துர்ரின் இலையின் மேற்றோல் அறைகளில் இருக்கிறது. அதனைப் பிளக்கும் நொதிப்பொருள் உள்ளறைகளில் இருக்கிறது. இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை பயிருக்குத் தீங்கில்லை. பிராணி இலையைக் கடித்து மென்றதும் இரண்டும் கலந்து, கொடிய பிரஸ்ஸிக் அமிலம் வெளிப்படுகிறது. வெடிமருந்தையும் நெருப்பையும் வேறுவேறு அறைகளில் வைத்துக் காப்பது போன்றது இவ்வேற்பாடு.

இளம்பயிர் மென்மையானது, அதனை இழந்தால் முழுச்செடியும் அழியும். ஆதலால் முளைப்பருவத்திலேயே நஞ்சு மிகுந்திருக்கும். பயிர் முற்ற முற்றக் குறைந்து, பூத்தபின் பெரும்பாலும் அபாயம் நீங்கும். முற்றிய தானியத்தில் அஞ்சத்தக்க அளவு இல்லை. எனினும் இக்காவல் முழுமையானதன்று. குருத்து ஈயின் புழு இளங்குருத்தையே துளைத்துச் செல்வதைக் குடியானவர் கண்டிருப்பர்.

மாட்டிற்கு நேரும் தீங்கு

அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களும் துர்ரினைப் பிளக்கின்றன. ஆகையால் பன்றியைவிட ஆடு மாடுகளுக்கே அபாயம் அதிகம். நஞ்சு ரத்தத்திற் கலந்ததும், உடலின் அணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்த இயலாமற் போகின்றன. மாடு மூச்சுத் திணறும்; வாயில் நுரை தள்ளும்; தள்ளாடி விழுந்து வலிப்புக் காணும். ரத்தம் மிகச் சிவந்து தோன்றுவது முக்கிய அடையாளம். இதைப் பாம்புக் கடி என எண்ணிக் காலம் போக்குதல் தவறு.

உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் அமிலம் உயிரைப் போக்கக்கூடும். 300 கிலோ எடையுள்ள மாட்டிற்கு இது 600 மில்லிகிராம். கிலோவுக்கு 200 மில்லிகிராம் நஞ்சுள்ள பசும்பயிரில் 3 கிலோவே இதற்குப் போதும். பசித்த மாடு இதனைச் சில நிமிஷங்களில் தின்றுவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. பூப்பதற்கு முன் சோளப் பயிரில் மாடுகளை மேயவிடலாகாது.

2. அறுவடைக்குப்பின் கட்டையினின்று எழும் மறுதாம்புத் துளிர் மிகவும் அபாயகரமானது. கதிர் கொய்த காடுதானே என்று அவிழ்த்துவிடுவதால்தான் பெரும்பாலும் நஷ்டம் நேருகிறது.

3. வறட்சியால் வாடிய பயிரையும், வறட்சிக்குப்பின் மழைபெய்து புதிதாய்த் துளிர்த்த பயிரையும் கொடுக்கலாகாது.

4. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்ட பயிரில் நஞ்சு அதிகரிக்கும், அளவோடு இடுக.

5. நன்கு முற்றி உலர்ந்த தட்டையைக் கொடுக்கலாம். அரைகுறையாய் வாடிய பச்சைத் தட்டையை நம்பலாகாது.

6. தீவனத்திற்கென்றே விதைப்போர் நஞ்சு குறைந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ரகத்திற்குக் குறித்த நாளுக்கு முன் அறுக்காதிருத்தல் வேண்டும். கோ எஃப்.எஸ். 29 என்னும் பல அறுப்புச் சோளத்திற்கு முதல் அறுப்பு 65ஆம் நாள்.

7. பசியோடிருக்கும் மாட்டைச் சோளக் காட்டோரமாக ஓட்டிச் செல்வதற்கு முன், சிறிது வைக்கோல் கொடுத்தல் நலம்.

நஞ்சேறியதாகச் சந்தேகம் தோன்றிய கணமே தீவனத்தை விலக்கி, கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்ஃபேட் ஆகிய மருந்துகளை அவர் ஊசிவழிச் செலுத்திக் காப்பாற்றக்கூடும்; தாமதித்தால் பயனில்லை.

சோளம் தன்னைக் காத்துக்கொள்ளவே நஞ்சை வைத்திருக்கிறது; குடியானவருக்குப் பகையாக அன்று. அதன் பருவமறிந்து அறுப்பவருக்கு அதே பயிர் கோடைக்குக் குறையாத தீவனமாகும்.