எளிய விலை மல்டிமீட்டர்: அதன் பயனும் எல்லையும்

நமது கிராமங்களிலே மின்சாரத்தால் இயங்கும் பொருள்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. 2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பசுமை வீடுகள் திட்டத்தின்கீழ்க் கட்டிய 300 சதுர அடி வீடுகளிலே சூரிய ஒளி விளக்குகளும் அமைக்கப்பெற்றன. இத்தகைய விளக்கு ஒன்று எரியாது நின்றுவிட்டால் நாம் செய்வது யாது? பெரும்பாலும் ஊகத்தின்பேரில் பாட்டரியை மாற்றுகிறோம். பாட்டரி பழுதற்றதாயிருக்க, துருப்பிடித்த ஓர் இணைப்பே குற்றத்திற்குக் காரணமாயிருத்தலும் உண்டு. அளந்து பார்த்தவரே அதனை அறிவர். அளவாத பழுதுபார்ப்பு ஏழைக் குடும்பத்தின் பணத்தை வீணாக்கும். ஆதலின் மின்னணுத் தொழிலைக் கற்கத் தொடங்கும் கிராம இளைஞர் முதலில் வாங்கவேண்டிய கருவி எது, அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதனை இங்கே ஆராய்வோம்.

கருவியின் இயல்பு

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றையும் அளக்க முன்னாளில் தனித்தனிக் கருவிகள் வேண்டியிருந்தன. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்டு மக்காடி என்பவர் இம்மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கி 'அவோமீட்டர்' என்னும் கருவியை உருவாக்கினார். அது 1923-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதில் முள் அசைந்து அளவைக் காட்டும். இன்றைய டிஜிட்டல் மல்டிமீட்டரோ அளவை எண்களாகவே காட்டுகிறது.

கடைகளிலே ஏறத்தாழ ரூ.200 முதல் ரூ.300 வரையில் கிடைக்கும் 'டிடி-830டி' வகையை எடுத்துக்கொள்வோம். ஒரே வடிவில் பலர் இதனைச் செய்து விற்கின்றனர். எல்லாம் ஒரே தரத்தன அல்ல. இது 9 வோல்ட் பாட்டரியால் இயங்குவது. 1999 வரை எண் காட்டுவது. நேர்மின்னழுத்தம், மாறுமின்னழுத்தம், நேர்மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றை அளக்கும்; டையோடு, டிரான்சிஸ்டர் ஆகியவற்றைச் சோதிக்கும்; கம்பி அறுபடாதிருப்பின் ஒலி எழுப்பும். மாறுமின்னோட்டத்தையும் மின்தேக்கியின் அளவையும் இது அளவாது. அளவெல்லையை நாமே குமிழைத் திருப்பித் தேர்ந்தெடுத்தல் வேண்டும். எல்லை மீறினால் திரையின் இடக்கோடியில் '1' என்று மட்டும் தோன்றும். புதியவர் பலர் இதனை 'ஒன்று' என்னும் அளவாகக் கொண்டு மயங்குவர்.

வாங்கும்போது சோதிக்கும் முறை

முதலாவது, குமிழை 200 ஓம் எல்லையில் வைத்து, சிவப்பு, கறுப்பு முனைகளை ஒன்றோடொன்று தொடுக. ஓர் ஓமுக்குள் நிலையான எண் தோன்றவேண்டும். அது கம்பிகளின் சொந்தத் தடை. சிறு தடைகளை அளக்கையில் அதனைக் கழித்துக்கொள்க. கம்பியை அசைக்க எண் தாவுமாயின் அக்கம்பி ஆகாது.

இரண்டாவது, நூற்றுக்கு 1 பிழைவரம்புடைய 100, 1,000, 10,000, 1,00,000 ஓம் தடைகளை ஒவ்வொன்றாக அளக்க. சில ரூபாய்ச் செலவிலே நான்கு எல்லைகள் சோதிக்கப்பெறும்.

மூன்றாவது, சிலிக்கன் டையோடை ஒரு திசையில் வைத்தால் 500 முதல் 700 வரையில் எண் தோன்றும். திருப்பி வைத்தால் '1' மட்டுமே தோன்றும்.

நான்காவது, ஒரே பாட்டரியை இக்கருவியாலும், அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் நல்ல கருவியாலும் அளந்து ஒப்பிடுக.

எண்ணை எவ்வளவு நம்பலாம்?

திரையில் எண் தெளிவாகத் தெரிவதனாலேயே அது துல்லியமாகிவிடாது. இவ்வகைக் கருவிக்கு நேர்மின்னழுத்தத்தில் நூற்றுக்கு அரைப் பங்கும், கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழையாகலாம் என்பது வழக்கமான குறிப்பு. 20 வோல்ட் எல்லையில் 9.00 என்று காட்டினால் உண்மை அளவு 8.94-க்கும் 9.06-க்கும் இடைப்பட்டது. கற்பவருக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் 750 வோல்ட் மாறுமின்னழுத்த எல்லையில் நூற்றுக்கு 1.2 பங்கும், கடைசி இலக்கத்தில் பத்தும் பிழை கொண்டால், 230 என்று காட்டும்போது உண்மை அளவு 217 முதல் 243 வரை எதுவாகவும் இருக்கலாம். வீட்டில் மின்னழுத்தம் குறைவு என்று வழக்குரைக்க இந்த எண் சான்றாகாது.

மற்றொன்றும் அறியற்பாலது. அளக்கும் கருவி தானும் சிறிது மின்னோட்டத்தை உண்கிறது. இவ்வகையிற் பலவற்றின் உள்தடை 10 லட்சம் ஓம். விலை மிகுந்தவற்றிலோ பொதுவாக 1 கோடி ஓம். தலைக்கு 10 லட்சம் ஓம் உடைய இரு தடைகளைத் தொடராக இணைத்து 9 வோல்ட் கொடுத்தால், ஒன்றன் குறுக்கே 4.5 வோல்ட் இருத்தல் வேண்டும். எளிய கருவி அங்கே 3 வோல்ட் என்றே காட்டும். நல்ல கருவி ஏறத்தாழ 4.3 காட்டும். கருவி பழுதன்று, அதன் உள்தடை சுற்றின் தடையோடு இணைந்து அளவை மாற்றிவிட்டது. ஆசிரியர்கள் இச்சோதனையை மாணவருக்குச் செய்து காட்டலாம்.

சூரிய விளக்கில் ஒரு பயிற்சி

முதலில் சூரியத் தகட்டின் இணைப்பைக் கழற்றி நல்ல வெயிலில் அளக்க. 36 கலங்கள் கொண்ட, 12 வோல்ட் அமைப்புக்கான தகடு ஏறத்தாழ 20 முதல் 22 வோல்ட் காட்டும். 20 வோல்ட் எல்லையில் வைத்தால் '1' மட்டுமே தோன்றும். ஆதலின் 200 வோல்ட் எல்லையில் வைத்தல் வேண்டும்.

அடுத்துப் பாட்டரி. ஈய அமில வகையாயின், முழு மின்னேற்றம் பெற்றுச் சில மணிநேரம் ஓய்ந்திருந்தபின் ஏறத்தாழ 12.6 வோல்ட்டோ சற்று மிகுதியோ காட்டும். இதோடு நின்றுவிடலாகாது. நலிந்த பாட்டரியும் ஓய்வில் நல்ல எண் காட்டக்கூடும். விளக்கை எரியவிட்டு மீண்டும் அளக்க. சட்டென்று 11 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பாட்டரி நலிந்தது எனக் கொள்க. தகடும் பாட்டரியும் நன்றாயிருப்பின், கம்பிகளின் இரு முனைகளையும் கழற்றி ஒலிச் சோதனை செய்க. மின்சாரம் இருக்கும் சுற்றில் தடையையோ தொடர்ச்சியையோ ஒருபோதும் சோதித்தலாகாது.

கடக்கக்கூடாத எல்லை

10 ஆம்பியர்த் துளையருகே பல கருவிகளில் 'ப்யூஸ் இல்லை' என்னும் பொருள்பட எழுதியிருக்கும். மின்னோட்டத்தை அளந்த சிவப்புக் கம்பியை அத்துளையிலேயே விட்டுவிட்டு, பின்னர் பாட்டரியின் இரு முனைகளையும் தொட்டால், அது குறுக்கிணைப்பாகும், கம்பி தீய்ந்துபோகும். மின்வாரிய இணைப்பில் அவ்வாறு தொட்டாலோ கருவி கையிலேயே வெடிக்கக்கூடும். ஆதலின் மின்னோட்டத்தை அளந்து முடித்தவுடன் சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றுதலைப் பழக்கமாக்கிக்கொள்க.

குமிழில் 750 வோல்ட் என்றிருப்பதைக் கண்டு, இறவைப் பம்புசெட்டின் மும்முனை மின்பெட்டியில் இதனை வைத்தல் பெருந்தவறு. அந்த எண் கருவி காட்டும் எல்லை. அது உயிருக்குக் காப்பு அன்று. மின்வழியில் நொடிப்பொழுது எழும் மிகை அழுத்தம் அதனினும் பன்மடங்காகலாம். அத்தகைய இடத்திற்கு ஐ.இ.சி. 61010 தரத்தின் மூன்றாம் வகை, 600 வோல்ட் காப்புடைய கருவியும், உரிமம் பெற்ற மின்பணியாளரும் வேண்டும். மலிவான கருவியின் மேல் அவ்வகையின் பெயர் அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. எல்லாத் துளைகளுக்கும் ப்யூஸ் உண்டா, கம்பியின் உறை தடித்ததா என்று பார்த்தல் வேண்டும்.

ஆகவே நமது முடிவு இது. உலர்கலம், 12 வோல்ட் பாட்டரி, சூரியத் தகடு, கற்கும் மேசையின் சிறு சுற்றுகள் ஆகியவற்றிற்கு இக்கருவி கொடுத்த விலைக்கு மேலான பயன் தரும். மின்வாரிய இணைப்புக்கு இது ஏற்றதன்று. பள்ளிகளின் அறிவியல் மன்றங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இருவருக்கு ஒன்றாக வாங்கிப் பயிற்சி அளிக்கலாம். பெட்டியின் மூடியிலே 'பாட்டரிச் சுற்றுகளுக்கு மட்டும்' என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுதல் நலம். அளந்து பார்த்து மாற்றும் வழக்கம் ஊரிலே வேரூன்றுமாயின், இன்று இருண்டு கிடக்கும் விளக்குகளிற் சில, புதுச் செலவின்றியே எரியத் தொடங்கும்.